கப்பல் நாற்காலியை முகர்ந்து பார்த்தவன்

பழைய பாணிக் கப்பல் என்றால் பழைய கப்பல் என்றே நான் நம்பினேன். பழைய கப்பல் என்றால் ஓட்டை இருக்கும். ஓட்டை இருந்தால் முழுகும். முழுகும்போது அதில் நான் இருப்பேன். "ஒரு கப்பலைப் பாக்கப் போறோம்டா குமாரு, அந்தக் காலத்து ஸ்டைல் கப்பல்" என்று இக்பால் பாய் சொல்லி வாயை மூடுவதற்குள், என் மனம் என்னைக் கடலின் அடியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டது.

நான் ஆம்பூர்க்காரன். பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு ஆறு உண்டு, தண்ணீர் கிடையாது. ஐம்பதைத் தாண்டியும் நீச்சல் தெரியாததற்கு என்னைக் குற்றம் சொல்லாதீர்கள், ஆற்றைச் சொல்லுங்கள். பயணத்துக்கு முந்தின வாரம், தெரிந்தவர் ஒருவரின் விவசாயக் கிணற்றில் லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். டியூப் நன்றாக மிதந்தது. அதற்குள் நான்தான் தலைகீழாக இருந்தேன். நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஓர் அம்மா என் காலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

"இந்த வயசுல இன்னாத்துக்கு சார் இது?"

"கப்பல்ல போறேம்மா. ஒரு பாதுகாப்புக்கு."

"கப்பல்ல போறவங்க உள்ளதானே உக்காருவாங்க?" என்றார்.

அந்த அம்மாவுக்கு இருந்த தெளிவு எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

நான் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஃபினிஷிங் மாஸ்டர். பதப்படுத்தி வரும் தோலுக்குக் கடைசியாக நிறமும் பளபளப்பும் ஏற்றுவது என் பிரிவின் வேலை. இக்பால் பாய் டேனரி முதலாளி. வாணியம்பாடிக் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. அதனால் டேனரி கேட்டுக்கு உள்ளே அவர் எனக்கு "பாய், நீங்க". கேட்டுக்கு வெளியே "டேய் இக்பாலு". வெளிநாடு கேட்டுக்கு உள்ளே சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்பது பயணம் முழுக்கத் தீராத குழப்பம்.

போன காரியம் இதுதான். இத்தாலியில் நாற்காலி செய்யும் ஒரு பட்டறைக்கு நாங்கள் தோல் அனுப்பியிருந்தோம். ஆக்ஸ்பிளட் என்ற ஷேடு, அதாவது மாட்டு ரத்தத்தின் பெயர் வைத்த கருஞ்சிவப்பு. அந்த நாற்காலிகள் ஓர் உல்லாசக் கப்பலின் கூடத்தில் போய் உட்கார்ந்தன. எல்லாம் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரரின் வெள்ளைப் பேன்ட், பின்பக்கம். அதில் இரண்டு பெரிய கருஞ்சிவப்பு வட்டங்கள். "உங்கள் தோல் கலர் விடுகிறது. வந்து பாருங்கள்" என்று கீழே ஒரு வரி. அந்தப் பின்பக்கம் எங்கள் டேனரி வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாள் சுற்றியது. சமையல்கார பாபு அண்ணன்கூடப் பெரிதாக்கிப் பார்த்தார்.

சிரிக்கிற விஷயம் அல்ல. அதே கம்பெனி இன்னொரு கப்பல் கட்டுகிறது. அதன் கூடத்துக்கும் எங்களிடமே தோல் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆர்டரை நம்பித்தான் எங்கள் பிரிவே ஓடிக்கொண்டிருந்தது. பாய் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "இது போச்சுன்னா ஃபினிஷிங்க மூடிடுவேன் குமாரு. பாதி பதம் பண்ண தோலையே வித்துட்டு அக்கடான்னு இருந்துடலாம். பேஜார் புடிச்ச வேலை."

நிறம் என்னுடையது. கலவை என்னுடையது. என் கையின்கீழ் வேலை செய்பவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பேன்ட் ஒன்றுதான் என்னுடையது அல்ல.

முதல் நாள் இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக ஊரில் இறங்கினோம். ஊரைக் கடலுக்கும் மலைக்கும் நடுவில் திணித்து வைத்திருக்கிறார்கள். இடம் போதாமல் வீட்டின்மேல் வீடு ஏறி நிற்கிறது. எங்கள் அறை இருந்த சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள்ளும் ஸ்கூட்டர் வருகிறது. வேலூர் லாங் பஜாரில் கைவண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் நெளிந்து பழகியவன் என்பதால் எனக்கு முதல்முறையாக வெளிநாட்டில் கொஞ்சம் தைரியம் வந்தது. ஹாரன் அடிக்காமல் வருகிறார்களே என்பதுதான் குறை. இடித்த பிறகுதான் வண்டி வந்தது தெரிகிறது.

மத்தியானம் பாய்க்கு ஹலால் கடை தேடினோம். கிடைத்தது. பங்களாதேஷ்காரர் நடத்துவது. பாய் உருதுவில் ஆரம்பிக்க, அவர் இந்தியில் பதில் சொல்ல, நான் இரண்டுக்கும் தலையாட்ட, தட்டில் பிரியாணி என்று ஒன்று வந்தது. அரிசி இருந்தது. கோழி இருந்தது. இரண்டும் முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள் போலத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன.

"எப்படி இருக்கு?" என்று கடைக்காரர் ஆவலாகக் கேட்டார்.

பாய் கண்ணை மூடி, "மாஷா அல்லா" என்றார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பொய் சொல்லிட்டேன்டா. பாவம், ஊரை வுட்டு வந்து கஷ்டப்படறான்" என்றார்.

திரும்பும்போது பஸ் என்று நினைத்து ஒன்றில் ஏறினோம். கதவு மூடியது. வண்டி முன்னால் போகாமல் மேலே போனது. கயிறு கட்டி மலைமேல் இழுக்கிற ரயிலாம் அது. நான் கம்பியைப் பிடித்த பிடியில் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையும் சேர்ந்துவிட்டது. அவர் மலை உச்சியில் வண்டி நின்றதும் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு இறங்கிப் போனார். கீழே துறைமுகம் முழுவதும் தெரிந்தது. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் நான் மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுநாள் கப்பல் வரவேண்டும். கடலில் காற்று அதிகமாம், அடுத்த நாள்தான் வரும் என்று செய்தி வந்தது. எனக்கு அறையில் இருப்புக் கொள்ளவில்லை. சந்தில் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். சந்து முனையில் ரொட்டி விற்றவர் என்னை வாடிக்கையாளர் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவிய தட்டை ரொட்டி ஒரு துண்டு கொடுத்தார். பதற்றத்தில் எல்லாவற்றையும் தின்றேன். அந்த ஊரில் சேமியாவை நீளமாகச் செய்து, பச்சைச் சட்னியில் புரட்டிக் கொடுக்கிறார்கள். கொத்தமல்லிச் சட்னி மாதிரியே இருக்கிறது. மிளகாயை மட்டும் மறந்துவிட்டார்கள். ஊரே மறந்துவிட்டது.

மனைவி மல்லிகா போன் செய்தாள்.

"ஏங்க, கப்பல் வந்துச்சா?"

"காத்து ஜாஸ்தியாம். நாளைக்குத்தான்."

"அப்ப அந்தக் காத்துல வர்ற கப்பல்லயா ஏறப் போறீங்க?"

நான் அதை யோசிக்கவில்லை. இப்போது யோசிக்க ஆரம்பித்தேன்.

"கரையிலதான்டி நிக்கும். பாத்துட்டு இறங்கிடுவோம்."

"இறங்கறதுக்குள்ள எடுத்துட்டான்னா? அன்னிக்கு மாமா ரயில்ல சூட்கேஸை வைக்க ஏறி ஜோலார்பேட்டை வரைக்கும் போய்ட்டாரே."

வாழ்க்கையில் என் மனைவி எனக்குச் செய்த உதவிகளில் இதுவும் ஒன்று. அதுவரை கப்பல் முழுகும் என்ற ஒரே பயம்தான் இருந்தது. இப்போது கப்பல் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயமும் சேர்ந்தது. பாயிடம் சொன்னேன்.

"கப்பல் கிளம்பினா இன்னாடா? சாப்பாடு ஃப்ரீ" என்றார் அவர். ஆனால் அவரும் அன்று தொழுதுவிட்டு வெகுநேரம் பாயை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார். தொழுகைப் பாயைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் கப்பல் வந்து நின்றது. கறுப்பு உடம்பு, வெள்ளை மேல்மாடி, சிவப்புப் புகைக்கூண்டு. படத்தில் வரைகிற கப்பல் மாதிரியே இருந்தது. ஏறும் இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். மல்லிகா சொன்னது பலிக்க இனி ஒன்றுதான் பாக்கி. அட்டை மாட்டியவரிடம், "எப்போ கிளம்பும்?" என்று கேட்டேன். "சாயங்காலம்" என்றார். பத்தடி நடந்து திரும்பி வந்து, "இன்று சாயங்காலமா?" என்று கேட்டேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

எங்களை அழைத்துப்போக வந்தவர் கார்லா என்ற அம்மணி. கப்பலில் அறைகள், சாப்பாடு, கூடங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. உயரம், நரைத்த முடி, கையெழுத்துப் போட்டது போன்ற நறுக்கான நடை. கப்பலைச் சுற்றிக் காட்டினார். வளைந்து ஏறும் மரப் படிக்கட்டு, பித்தளைக் கைப்பிடி, வட்ட ஜன்னல்கள், பியானோ, புத்தக அறை, மேல்தளத்தில் வரிசையாக மரச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் மடித்து வைத்த கம்பளி. சுவரில் கறுப்புவெள்ளைப் போட்டோக்கள், தொப்பி வைத்த பெண்கள்.

நான் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "கப்பலுக்கு வயது என்ன மேடம்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். என் மோட்டார் சைக்கிளைவிட இளையது.

அப்புறம்தான் தைரியமாகச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். தகரச் சத்தம் வந்தது. மரம் இல்லை. தீப்பிடிக்காத தகட்டின்மேல் மரம் மாதிரி ஒட்டியிருக்கிறார்கள். பித்தளை மேலே ஒரு பூச்சு. போட்டோக்களில் இருக்கும் பெண்கள் வேறு ஏதோ கப்பலில் நின்றவர்கள். எனக்குச் சுவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல் இருந்தது. புதுத் தோலைப் பழசாகக் காட்டத்தானே நானும் சம்பளம் வாங்குகிறேன்! எவனோ ஒரு ஃபினிஷிங் மாஸ்டர் தோலை விட்டுவிட்டு ஒரு கப்பலுக்கே ஃபினிஷிங் போட்டிருக்கிறான்.

"பாய், எல்லாம் டூப்பு" என்று காதில் சொன்னேன்.

"மூடிக்கினு வா. நம்ம நாற்காலி இன்னும் வரல" என்றார்.

வந்தது. மங்கலான விளக்குகள் எரியும் நீளமான கூடம். அதில் எங்கள் தோல் போர்த்திய குண்டு நாற்காலிகள் கருஞ்சிவப்பாக, ஆழமாக, விளக்கு வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் அனுப்பியது இவ்வளவு அழகாகவா இருந்தது? நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "இந்தச் சில மாதங்களில் நிறம் இன்னும் அழகாக இறங்கியிருக்கிறது. எனக்கு இவை உயிர். ஆனால் துணியில் ஒட்டுகிறதே!" என்றார் கார்லா. பார்த்து வையுங்கள், வந்துவிடுகிறேன் என்று போனார்.

தோல்காரனை ஒரு நாற்காலி முன்னால் விட்டால் உட்காரமாட்டான். குனிந்தேன். முகர்ந்தேன். மெழுகும் டர்பன்டைனும் கலந்த ஒரு வாசனை. என்ன சொல்வது, ஜெனோவாவில் இறங்கியதிலிருந்து முதல்முறையாக மனசு அமைதியானது. ஆம்பூரில் ஷூ கம்பெனி வாசலைக் கடக்கும்போது வருமே, அதே வாசனை. அடுத்த நாற்காலியையும் முகர்ந்தேன். அதற்கடுத்ததையும். நாலாவது நாற்காலியில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இந்த நாற்காலிகள் விற்பனைக்கா?" என்று பயத்தோடு கேட்டார்.

"இல்லை மேடம். நான் செய்தது" என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த சோதனை எச்சில். கலர் விடுகிறதா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தோலில் அழுத்தித் தேய்ப்போம். முதலாளி முதல் மூட்டை தூக்குகிறவர் வரை எல்லாரும் செய்வது. நானும் தொட்டேன், தேய்த்தேன், பார்த்தேன். விரல் சிவப்பு. நல்ல கருஞ்சிவப்பு. சந்தேகம் தீரப் பக்கத்து நாற்காலியில் செய்தேன். விரல் இன்னும் சிவப்பு. மூன்றாவதிலும் அப்படியே. பதற்றத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே விரலைத்தான் நாக்கில் தொட்டுக்கொண்டிருந்தேன்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடா, வெத்தலை போட்டியா?" என்றார். பிறகு என் விரலைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். அவர் போட்டிருந்தது வெளிர்மஞ்சள் பேன்ட் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டார். ஆனால் தாமதம்.

அந்த நேரம் பார்த்து கார்லா வந்தார். என் வாயைப் பார்த்ததும், "ஐயோ, ரத்தம்! டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

ஒரு புத்திசாலி என்றால் பல் ஈறு என்று சொல்லித் தப்பித்திருப்பான். நான் வாய் நிறையச் சிவப்போடு, கையைக் கூப்பி, "ரத்தம் இல்லை மேடம். கலர். என் கலர். நான்தான் கலந்தேன். பாய் மேல் தப்பில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டேன். யாரும் கேட்கவே இல்லை. கொலை செய்யாதவன் ஸ்டேஷனுக்குப் போய் ஒத்துக்கொள்வது மாதிரி.

கார்லா வெள்ளைக் கைத்துணியை என்னிடம் நீட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நேரில் வந்து ஒத்துக்கொண்டதற்கு நன்றி. புதுக் கப்பலுக்கு வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும், வருந்துகிறேன்" என்று பாயின் கையைக் குலுக்கினார். எங்களை வாசல்வரை விட லாரன்ஸ் என்ற பணியாளரைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்.

லாரன்ஸ் கோவாக்காரர். முப்பது வயது இருக்கும். இந்தியர்களைப் பார்த்த சந்தோஷத்தில் இந்தியில் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். பாய் பேன்ட்டின் பின்பக்கத்தைக் கையால் மறைத்தபடி நடந்தார். ஒலிபெருக்கியில் பார்வையாளர்கள் இறங்கத் தயாராகவும் என்று ஒரு குரல் சொன்னது. எனக்குக் கால் தானாக வேகமெடுத்தது.

"உன்னை எவன்டா வாயைத் தொறக்கச் சொன்னது?" என்றார் பாய், கடைசியாக.

"இக்பாலு, விரல்ல வந்துச்சுடா. நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். நைஸா பேசி, துண்டு ஒண்ணு கிழிச்சு எடுத்துக்கினு போய் லேப்ல பாத்துட்டு சொல்றோம்னு சொல்லியிருப்பேன்ல? அதுக்குள்ள நீ கும்புடு போட்டுட்ட."

அறைகள் இருக்கும் நீண்ட நடைபாதையில் போனோம். சில கதவுகளுக்கு வெளியே ஷூக்கள் ஜோடி ஜோடியாக வைத்திருந்தன. அந்தக் காலத்து வழக்கமாம். பயணிகள் ஷூவைக் கதவோரம் வைத்தால் பாலிஷ் போட்டுத் திரும்ப வைப்பார்கள். ஆம்பூர்க்காரன் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பான். காலே இல்லாமல் ஷூ மட்டும் இருந்தால் சும்மா போவானா? வேலை போகப்போகிற சோகத்திலும் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தேன், நம்ம ஊர்ச் சரக்கா என்று. கதவு திறந்தது. ஒரு பெரியவர் காலுறையோடு நின்று என்னைப் பார்த்தார். நான் சிவந்த வாயோடு அவர் ஷூவைப் பிடித்தபடி நின்றேன்.

லாரன்ஸ் பாய்ந்து வந்து ஷூவை வாங்கி, "புதிய பாலிஷ் நிபுணர் சார்" என்றோ என்னவோ சமாளித்தார். கதவு மூடியது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கு வந்தது.

"ஷூவுக்கு எல்லாம் நான்தான் பாலிஷ் போடறேன்" என்றார் இந்தியில். "என் கை பட்டா கண்ணாடி மாதிரி ஆகும். வாங்க, காட்டறேன்." பக்கத்தில் இருந்த சின்ன அறையைத் திறந்தார். தட்டில் டப்பா டப்பாவாக பாலிஷ். கொடியில் துணிகள். ஒரு துணி முழுக்கக் கருஞ்சிவப்பு. வாசனை குப்பென்று அடித்தது. மெழுகு, டர்பன்டைன்.

"ஷூ மட்டும் இல்ல பாய்" என்றார் லாரன்ஸ் பெருமையாக. "கூடத்துல நாற்காலி பாத்தீங்கள்ல? நான் குளிர்காலத்துல வேலைக்குச் சேந்தப்போ எல்லாம் டல்லா இருந்துச்சு. ஒவ்வொரு தடவை கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியும் இந்தச் செவப்பு பாலிஷை ஒரு கை போடறேன். இப்ப பயணிங்க அதுங்களோட போட்டோ எடுத்துக்கறாங்க."

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

நாற்காலிக்குப் போடுகிற தோலில் ஷூ பாலிஷ் வாசனை வரக் கூடாது. இது என் பிரிவில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். ஒன்றல்ல, மூன்று நாற்காலியை முகர்ந்து பார்த்த எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் அந்த வாசனை காற்றோடு சேர்ந்தது. அது வந்தால் ஏன் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. வராவிட்டால்தான், இன்றைக்குக் கம்பெனி லீவா என்று கேட்போம்.

"டேய்!" என்றார் பாய்.

"டேய்!" என்றேன் நான், முதலாளியைப் பார்த்து.

ஒலிபெருக்கி மறுபடி சொன்னது. பார்வையாளர்கள் உடனே இறங்கவும். கீழே பாஸ்போர்ட். மேலே கார்லா. என் உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் கீழே போகச் சொன்னது. நான் கொடியிலிருந்து அந்தத் துணியை உருவிக்கொண்டு மேலே ஓடினேன். வீரம் என்று நினைக்காதீர்கள். படிக்கட்டில் இரண்டு தடவை திரும்பிப் பாதி இறங்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் முழங்கால் வலியோடு பின்னால் வந்த பாய் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் மேலே போக வேண்டியதாயிற்று. ஒரு தளம் தவறாக ஏறி உயிர்காப்புப் படகுகள் தொங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு நிமிஷம் நின்று, எது கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன்.

கூடத்தில் கார்லா இருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. துணியைக் காட்டினேன். நாற்காலியைக் காட்டினேன். பாலிஷ், பாலிஷ் என்பதைத் தவிர வேறு ஆங்கிலம் வரவில்லை. பின்னால் வந்த பாய்தான் நிதானமாக விளக்கினார். தேநீர் அம்மாள் இன்னும் அங்கேயே இருந்தார். இந்த முறை நாற்காலியைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பியே போட்டுக்கொண்டார்.

லாரன்ஸ் கதவருகே வெளுத்துப்போய் நின்றார். "என் வேலை போயிடுமா பாய்?" என்றார் இந்தியில்.

பாய் அவரைப் பார்த்தார். பிறகு கார்லாவிடம், "இவர் மேல் குற்றம் இல்லை மேடம். இந்தத் தோலை எப்படித் துடைக்க வேண்டும் என்று நாங்கள் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை" என்றார். உண்மைதான், அனுப்பவில்லை.

கார்லா ஈரமான வெள்ளைத் துணி கொண்டுவரச் சொல்லி, ஒரு நாற்காலியின் முதுகை அவரே துடைத்தார். துணி சிவந்தது. இன்னொரு துணி. இளஞ்சிவப்பு. இன்னொன்று. வெள்ளையாகவே வந்தது. அழுத்தித் துடைத்தார். வெள்ளைதான். எங்கள் தோல் ஒரு துளி நிறத்தைக்கூட விடவில்லை. பாய் என் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துவிட்டது.

கார்லா இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். துடைத்த நாற்காலியையும் துடைக்காத நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் தொழிலில் வாங்குகிறவர் பேசாமல் பார்த்தால் ஆபத்து. நானும் பார்த்தேன். துடைத்த நாற்காலி சுத்தமாக, சமமாக, கடையிலிருந்து இன்று காலை வந்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்தது ஒரு ராஜாவின் நாற்காலி.

"உங்கள் தோலில் தவறில்லை" என்றார். "ஆனால் எனக்கு இது பிடிக்கவில்லை. அதுதான் பிடித்திருக்கிறது."

"பாலிஷா மேடம்?"

"அந்த நிறம். துணியில் ஒட்டாமல் உங்களால் செய்ய முடியுமா?"

பாய் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. அதற்குள் கப்பல் ஒரு முறை ஊதியது. தரை அதிர்ந்தது. "முடியும்! முடியும்! முடியும்!" என்று கத்திவிட்டேன். ஊதாமல் இருந்திருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இக்பால் பாய் அப்போது செய்த காரியத்தைச் சொல்லியே ஆகவேண்டும். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட தோல் துண்டு இல்லாமல் எங்கள் தொழிலில் ஒரு வேலையும் நகராது. இந்த நிறம்தான் வேண்டும் என்று அதன்மேல் எழுதிக் கொடுக்க வேண்டும். பாய் லாரன்ஸின் அழுக்குத் துணியை மேஜைமேல் விரித்து, பேனாவை எடுத்து கார்லாவிடம் நீட்டினார். பாலிஷ் படாத ஓர் ஓரத்தைத் தேடிப் பிடித்து அவர் கையெழுத்துப் போட்டார். உலகத்திலேயே ஷூ துடைக்கிற துணியில் அப்ரூவல் வாங்கிய முதல் டேனரி நாங்களாகத்தான் இருக்கும்.

பிறகு ஓடினோம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அட்டை மாட்டியவர் கையைக் காட்டி, மெதுவாகப் போங்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்றார். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் தன் வெளிர்மஞ்சள் பேன்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "குரூப்ல போட்டுடாதடா" என்றார்.

ஆம்பூர் திரும்பியதும் அந்தத் துணியை என் மேஜைக்கு எதிரே மாட்டினேன். முதலில் செய்த தோல் கறுத்துவிட்டது. அடுத்தது பீட்ரூட் மாதிரி வந்தது. ஒன்று சரியாக வந்தது, விரலில் ஒட்டியது. பாய் தினமும் வந்து தேய்த்துப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு போனார். நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மல்லிகாவிடம் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒரு நாள் அந்த நிறம் வந்தது. வெள்ளைத் துணியை நனைத்து எங்கள் பிரிவில் இருந்த எல்லாரும் ஆளுக்கொரு தடவை தேய்த்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே இருந்தது.

எங்கள் தோல் கலர் விடவில்லை என்று நிரூபித்தோம். அந்தத் தோலை வேண்டாம் என்றார்கள். ஷூ பாலிஷ் நிறத்தில் வேறு தோல் கேட்டார்கள். இரண்டு கப்பல்களுக்கும் அனுப்பினோம். ஃபினிஷிங் பிரிவு ஓடுகிறது.